நாலாவது முடிச்சு

நான் கரண்ட் ஆபீஸில் வயர்மேனாக இருந்தவன். எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். எழுதிப் பழக்கமில்லை. இந்த ஒன்றை மட்டும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. செங்கம் ரோட்டில் லாட்ஜ் மேல் லாட்ஜாக வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கம்பி மட்டும் பழைய கம்பி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்காவது எரியும்.

அப்போது என்னை வேலூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் ஒன்றுதான். ஃபியூஸைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் நாலு கம்பியையும் சேர்த்துக் கட்டி மண்ணோடு இணைக்க வேண்டும். வேறு எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், ஆளைத் தொடாது. அதற்கு எர்த் ராடு என்று பெயர். ஒரு நீளக் கம்பு, நாலு கொக்கி, கொக்கிகளைச் சேர்க்கும் செம்பு வயர், வயரின் முனையில் மண்ணில் அடித்த பைப்பில் மாட்ட ஒரு கிளாம்பு. முதலில் மண், பிறகு கம்பி. அவிழ்க்கும்போது முதலில் கம்பி, பிறகு மண். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு அதில் கட்ட வைத்தார்கள். நன்றாகவே கட்டினேன். ஒரு சர்டிபிகேட்டும் ஒரு ராடும் கொடுத்து அனுப்பினார்கள்.

சர்டிபிகேட்டை வீட்டில் ரேஷன் கார்டோடு வைத்தார்கள். ராடு ஆபீஸ் மூலையில் நின்றது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றினோம். மறுநாள் பழையபடி மூலை. ஒன்றரை வருஷம் அப்படியே நின்றது. பெயின்ட் கூட உரியவில்லை.

பிறகு புது இன்ஜினியர் வந்தார். பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். வந்த வாரமே மூலையில் நின்ற ராடைப் பார்த்தார். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. யார் பயிற்சிக்குப் போனது என்று கேட்டார். நான் என்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் புஸ்தகத்துல படிச்சதோட சரிங்க. கையால கட்டினதில்ல. எனக்குக் கட்டிக் காட்டுங்க" என்றார்.

ஆபீஸ் பின்னால் இருந்த கம்பத்தில் லைனை நிறுத்திவிட்டுக் கட்டிக் காட்டினேன். முதல் தடவை கிளாம்பை மறந்துவிட்டு நேராகக் கொக்கியைத் தூக்கினேன். எனக்கே தெரிந்தது. இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிறகு அவரும் கட்டினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஏன் எடுத்துப் போவதில்லை என்று அப்புறம்தான் கேட்டார். அதுவரைக்கும் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். சைக்கிளில் இவ்வளவு நீளக் கம்பை வைக்க முடியாது. கட்டுவதற்குப் பத்து நிமிஷம் ஜாஸ்தி ஆகும், அதற்குள் ஜனங்கள் திட்டுவார்கள். கூட வருகிறவன் சிரிப்பான்.

கூட வருகிறவன் என் தங்கை புருஷன். அவனும் அதே செக்‌ஷனில் வயர்மேன். வேலையில் கெட்டிக்காரன். குரங்கு மாதிரி ஏறுவான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இன்ஜினியர் மறுநாளே வெல்டிங் கடையில் சொல்லி என் சைக்கிள் பாரில் இரண்டு வளையம் வைக்கச் சொன்னார். கம்பு அதில் படுத்துக்கொண்டது. கொக்கியும் வயரும் ஒரு சாக்குப் பையில் கேரியரில் போயின. அடுத்த வேலைக்கு அவரே கூட வந்தார். கம்பத்தடியில் நின்றுகொண்டு, "ஜனங்களுக்குப் பதில் நான் சொல்லிக்கறேன். நீங்க உங்க கையப் பாருங்க" என்றார்.

அப்படியே செய்தார். மிக்ஸி ஓடவில்லை என்று வந்த அம்மாவிடமும், ஐஸ் உருகுது என்று வந்த கடைக்காரரிடமும் அவர்தான் பேசினார். நான் கட்டினேன். ஒரு மாதம் தினம் ஒரு வேலைக்காவது வந்தார். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு வரவில்லை. ஆனால் சாயங்காலம் ஆபீஸில் பார்த்தால், இன்றைக்கு எங்கே கட்டினீங்க, எது கஷ்டமாக இருந்தது என்று கேட்பார். கேட்பார் என்பதற்காகவே கட்டினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

மாப்பிள்ளை மட்டும் விடவில்லை.

"மச்சான் கம்பிக்குத் தாலி கட்டப் போறாரு, எல்லாரும் அட்சதை எடுத்துக்குங்க" என்பான். கூட்டம் சிரிக்கும். இன்னொரு நாள், "தாலின்னா மூணு முடிச்சுதான. நீ இன்னாத்துக்கு நாலு போடற? நாலாவது நியூட்ரலு. அதுல இன்னா இருக்குது?" என்றான்.

"அது நாத்தனார் முடிச்சு" என்றேன். கொஞ்சநேரம் அவனுக்கே சிரிப்பு.

ஆனால் அவன் கேட்டது எனக்கும் இருந்த சந்தேகம்தான். நாலாவது கம்பியில் சாதாரணமாக ஒன்றும் இருக்காது. வேலூரில் சொன்னார்கள், கட்டினேன். ஏன் என்று தெரியாது.

ஒரு பௌர்ணமி. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆசிரமம் தாண்டி ஒரு சின்னத் தெருவில் கம்பத்தில் கம்பியோடு கம்பியை இணைக்கும் ஜம்பர் வயர் எரிந்துபோய்த் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. நானும் மாப்பிள்ளையும் போனோம். டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி அவன் தோள் பையில் போட்டுக்கொண்டான். நாங்கள் எப்போதும் அப்படித்தான். ஃபியூஸ் நம் பையில் இருந்தால் வேறு யாரும் போட முடியாது. அதுதான் எங்கள் தைரியம்.

கம்பத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. எதிர் லாட்ஜில் மோட்டார் ஓடவில்லை, டேங்கில் தண்ணீர் இல்லை. வெளியூர் ஆட்கள் துண்டும் சோப்புமாக வாசலில் நின்றார்கள். அவனவன் கத்தினான். பதில் சொல்ல இன்ஜினியர் இல்லை.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. லைன் செத்துக் கிடந்தது. நான் சைக்கிளில் இருந்து ராடை உருவினேன்.

"ஃபியூஸ் என் பையில இருக்குது மச்சான். லாம்ப்பும் பாத்துட்ட. கரண்ட் இன்னா ஆகாசத்துலருந்தா வரும்?" என்றான் மாப்பிள்ளை. ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

"எறங்கு."

"ஜனம் திட்டுது."

"திட்டட்டும். எறங்கு மாப்ளே."

இறங்கினான். முகம் சரியில்லை. கூட்டத்தைப் பார்த்து நான் ஒன்று சொன்னேன். வாழ்க்கையில் அப்படிக் கூட்டத்தோடு பேசியதில்லை. "பத்து நிமிஷங்க. மேல ஏறுறது என் தங்கச்சி வீட்டுக்காரரு" என்றேன். அதற்கு மேல் யாரும் கத்தவில்லை.

மண்ணில் கிளாம்பை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று கொக்கி போட்டேன். கை வலித்தது. நாலாவதை விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சாயங்காலம் இன்ஜினியர் கேட்பார் என்பதும் கூடவே வந்தது. போட்டேன்.

மாப்பிள்ளை ஏறினான். பெல்ட் மாட்டி, எரிந்துபோன ஜம்பரை வெட்டி எறிந்தான். புது வயரைச் சுற்ற இடது கையால் கம்பியைப் பிடித்தான்.

அந்த நேரத்தில் எதிர் லாட்ஜின் பின்னால் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு நான் தலை நிமிர்வதற்குள் மேலே பளீர் என்றது. பட்டப்பகல் வெயிலில் நீலமாக ஒரு வெளிச்சம். ஓடு உடைந்த மாதிரி ஒரு சத்தம். இரண்டு கொக்கியில் பொறி பறந்தது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

துண்டோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

மாப்பிள்ளை கம்பியை விடவில்லை. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எப்போதும் மாப்ளே என்பதுதான். அவன் மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். விரலை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

"ஒண்ணும் ஆகல மச்சான்" என்றான்.

லாட்ஜ் ஆள் வெளியே வந்து, ஜெனரேட்டர் போட்டவுடனே நின்றுவிட்டதே, லைனில் என்ன கோளாறு என்று எங்களையே கேட்டான். மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியவில்லை. கட்டிடத்துக்குப் போக வேண்டிய கரண்ட் கம்பத்துக்கும் வந்திருக்கிறது. நான் உள்ளே போய் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலையை முடித்தோம். கடைசி முறுக்கு வரைக்கும் மாப்பிள்ளையே முடித்தான். இறங்கி வந்து கம்பத்தடியில் உட்கார்ந்தான். நான் கொக்கிகளை இறக்கினேன். முதல் கொக்கி கறுத்திருந்தது. நாலாவதும் கறுத்திருந்தது. நடுவில் இருந்த இரண்டும் புதுசு போல இருந்தன.

இருபது வருஷம் கம்பியோடு புழங்கியவன் நான். அன்றைக்குத்தான் அந்த நாலு கம்பியையும் நிமிர்ந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உயிர் உள்ள கம்பியும் உயிர் இல்லாத கம்பியும் ஒரே மாதிரி இருக்கிறது. காக்கா வந்து உட்கார்ந்தது. பின்னால் மலை நின்றது.

சாயங்காலம் ஆபீஸில் இன்ஜினியர் வழக்கம்போலக் கேட்டார். நான் கொக்கிகளை மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. அவர் கறுத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு கம்பியில் போகிற கரண்ட் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும், இரண்டையும் நீங்கள் சேர்த்துக் கட்டியதால் அங்கேயே அடங்கிப்போய் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். நாலாவது இல்லாவிட்டால் என்று கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மண்ணு மட்டும் அவ்வளவையும் இழுக்காதுங்க. மீதி மேல இருந்தவர் கை வழியாப் போயிருக்கும்" என்றார்.

வாசலில் நின்றிருந்த மாப்பிள்ளை அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டேன். அவள் சோறு போட்டுக்கொண்டே, இவர் ஏன் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என்னிடம் கேட்டாள். கம்பி கீறிவிட்டதாம் என்றேன். எங்கே காட்டுங்கள் என்று கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லை. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நான் ஆபீஸ் போனபோது, முந்தின சாயங்காலம் வைத்துவிட்டுப் போன மூலையில் ராடு இல்லை. வெல்டிங் கடை வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவன் சைக்கிள் பாரில் வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ராடு அவன் மடியில் இருந்தது. காய்ந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டான்.

"மண்ணு மொதல்ல, கம்பி அப்புறம். அவுக்கும்போது கம்பி மொதல்ல. சரிதான மச்சான்?" என்றான்.

சரி என்றேன்.