மீதி அண்ணனும் 510510ஆவது கிலோமீட்டரும்

டிப்போவில் அவரை எல்லோரும் ‘மீதி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து டிரைவர். லாரி நம்பரோ, கதவு எண்ணோ, எது கண்ணில் பட்டாலும் மனசுக்குள் வகுத்துப் பார்த்து, மீதி என்ன என்று முணுமுணுப்பார். இருபத்தாறு வருஷ வேலையில் யாரிடமும் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை மேனேஜர் அறையில் போய் நின்றார்.

“நாளைக்கு எனக்கு வேற வண்டி போட்டிருக்கீங்க சார். என் பழைய வண்டியையே குடுத்திருங்க, ஒரு நாள் போதும். காலையில கிலோமீட்டர் காட்டுற மீட்டர்ல 510510 வரும்.”

“வந்துட்டுப் போகட்டுமே.”

“கால்குலேட்டர எடுங்க சார். ரெண்டால வகுங்க. வர்றத மூணால, அப்புறம் அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு.”

மேனேஜர் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். நடுவில் 17017 வந்தபோது நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். கடைசியில் திரையில் ஒற்றை 1 நின்றது.

“இந்த ஏழும் பகா எண்ணுங்க சார். முதல் ஏழு. ஆளுக்கு ஒரு தடவை, மீதியே இல்லாம நுழையுது. இதவிடச் சின்ன எண் எதுக்கும் அந்தக் குடுப்பினை இல்ல.”

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் மேனேஜர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள், தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி, பாதி தைத்த சீருடைகளை அப்படியே போட்டுவிட்டு வந்து டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பெயிண்ட் கடை நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் எண் புரண்டது. நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி அவளுக்குக் காட்டினார். குனிந்து பார்த்தாள்.

“பாத்தாச்சு, எடுங்க. பின்னால எல்லாரும் முறைக்கிறாங்க.”

“அடுத்த கிலோமீட்டர் நேர் எதிர், தெரியுமா? அந்த ஏழுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். அதுவும் பகா எண்தான். எதுக்கும் மசியாத தனிக்கட்டை.”

‘510511’ என்று முணுமுணுத்தபடி அவள் சீட்டில் சாய்ந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம், அளவு வெட்டும் காகிதத்தை நீட்டினாள். அது முழுக்கப் பென்சில் கணக்கு.

“உங்க தனிக்கட்டைக்குள்ள பத்தொம்பது நுழையுதுங்க.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சரிபார்த்தார். 26869. மீதி இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“முதல் ஏழு நுழையலைன்னதும் வேற எதுவும் நுழையாதுன்னு நெனச்சுட்டேன். முழுத் தப்பு.”

“மிச்சத்த நீங்க பாருங்க. எனக்குக் கை வலிக்குது.”

அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்றேழில் வழி திறந்தது, 277 வந்தது.

“இது நெஜமாவே பகா எண்.”

“வகுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?”

மீதி அண்ணன் பென்சிலை மறுபடி கையில் எடுத்தார்.