கறுப்பி கொடுத்த குரல்

செண்பகவல்லி ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். தாராவிக்கு வந்த புதிதில் குழாயடியில் இவளை மல்லுக்கு இழுத்த ஒருத்தி, கடைசியில் தானே இவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு கோழியிடம் தோற்றாள்.

சீனாச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. அவளுடைய கறுப்பி, நல்ல நாட்டுக்கோழி, முட்டையை நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்தது. அடியில் முட்டை ஒன்றும் இல்லை. வெறும் சாக்கைக் காத்துக்கொண்டு, கிட்டே போனால் கொத்தியது. அதே நேரம் செண்பகவல்லி செம்பூர்ப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து மிஷினில் பொரித்த வெள்ளைக் குஞ்சுகளை வாங்கி வந்திருந்தாள். பம்பாயில் அவளுக்கென்று அவளே தேடிக்கொண்ட முதல் சொத்து.

"மிஷினே பொரிச்சுத் தந்துட்டு. இனி இவ எதுக்கு அடை கெடக்கணும்?" என்று, ஊர் வழக்கப்படி கறுப்பியைத் தண்ணீரில் முக்கி, அதன் இறகு ஒன்றையே மூக்குத் துவாரத்தில் கோத்து, பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டாள். அடை தெளிய அதுதான் வைத்தியம்.

அவள் புருஷன் கணேசபாண்டியனுக்குத் தோல் கிடங்கில் வேலை. "முட்டையும் கெடையாது, மருவாதியும் கெடையாது. ஞாயித்துக்கெழம கொழம்பு வச்சிரு," என்றான். இவளும் தலையாட்டினாள்.

கிடங்குகளில் சுரண்டிப் போடும் கொழுப்புக்காக அங்கே வானம் முழுக்கப் பருந்து. குஞ்சுகளோ நிழல் விழுந்தால் அண்ணாந்து வேடிக்கை பார்த்தன. ஒன்று போயிற்று. பருந்தின் கண்ணுக்குத் தப்பட்டும் என்று, செண்பகவல்லி துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மிச்சக் குஞ்சுகளுக்குப் பூசினாள்.

எதிர்வீட்டு நூர் நிஷா சிரித்தாள். "ஏளா, குஞ்சுக்கு வெளுப்பா? பிராந்துக்கு நீலமும் ஒண்ணுதான், வெள்ளையும் ஒண்ணுதான்."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா கெட."

மறுநாள் நீலக் குஞ்சு ஒன்றும் போயிற்று. செண்பகவல்லி கம்போடு வாசலில் உட்கார்ந்தாள். உலையில் சோறு குழைந்தது, குழாயில் தண்ணீர் நின்றது, அவள் எழுந்திருக்கவில்லை. இப்படி எத்தனை நாள் உட்கார முடியும்? தாய் இல்லாத பிள்ளைகளை விலைக்கு வாங்கிவந்து பருந்துக்குப் படைக்கிறோமே என்று கண் கலங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பருந்து தாழ்ந்து வட்டமிட்டது. அவள் கம்பை ஓங்குமுன், கூடைக்குள்ளிருந்து கறுப்பி அடித்தொண்டையில் "கொர்ர்ர்" என்றது. அவ்வளவுதான். சிதறிக் கிடந்த குஞ்சுகள் எல்லாம் விழுந்தடித்து ஓடிவந்து கூடையோடு ஒட்டிக்கொண்டன.

செண்பகவல்லி ஓங்கிய கம்போடு அப்படியே நின்றாள். தாய்க்கோழி முகத்தையே பார்க்காத குஞ்சுகள். அந்தச் சத்தத்துக்கு ஓடவேண்டும் என்று மிஷினா சொல்லிக்கொடுத்தது? ஓடுவதற்கு அதுகளுக்குத் தெரிந்திருக்கிறது. குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆளையும் மூக்கில் இறகு குத்திக் கவிழ்த்து வைத்தது யார்?

கூடையைத் தூக்கினாள். "ஆத்தா, எம் புத்திய செருப்பால அடி," என்று இறகை மெல்ல உருவினாள். பொழுது மங்கும்வரை காத்திருந்து, ஒரு குஞ்சைக் கறுப்பியின் இறக்கைக்கு அடியில் விட்டாள். கொத்துமோ? கறுப்பி குனிந்து பார்த்தது. பிறகு உடம்பைப் பரத்தி இடம் விட்டது. செண்பகவல்லி மிச்சத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். கறுப்பி நீலக் குஞ்சுகளோடு வாசலைக் கிளறியது. பருந்து இறங்கியதும் "கொர்ர்ர்". எல்லாம் அடியில் புகுந்தன. ஒன்று மட்டும் வழக்கம்போல அண்ணாந்து நின்றது. கறுப்பி சிலிர்த்துக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில், பருந்து வெறுங்காலோடு மேலே போயிற்று. அப்புறம் அந்தக் குஞ்சுதான் சத்தம் கேட்டதும் முதலில் ஓடும்.

கணேசபாண்டியன் கத்தியைக் கீழே வைத்தான். "ஏட்டி, கொழம்பு?"

"கருவாடு கெடக்கு. கத்தியக் கொண்டாங்க, வெங்காயம் அரியணும்."

எதிர்வாசலில் நூர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வெள்ளைக் கோழிகள் வளர்ந்து முட்டையாக இட்டுத் தள்ளின. ஆனால் ஒன்றாவது அடைக்கு உட்காரவேண்டுமே! மிஷினிடம் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு வந்திருந்தன. பொரிக்க வைக்கும் முட்டையெல்லாம் கறுப்பியின் அடியில்தான். யாராவது அடை தெளிய வைத்தியம் கேட்டு வந்தால், செண்பகவல்லி வாசலிலேயே விரட்டிவிடுவாள்.