வேல்விழி வைத்த பொட்டு

உள்ளறையில் 'டொய்ங்... டொய்ங்...' என்று சத்தம். யாரும் விளையாடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் வேல்விழி, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியை எடுத்துப் பேட்டரி போடுவாள். திரையில் ஒரு சிட்டுக்குருவி, யாரும் அழுத்தாமலே குதித்துக்கொண்டிருக்கும். பொத்தான் சிக்கி ஐந்து வருடமாகிறது. "இன்னும் விடலயே" என்பாள். பேட்டரியைக் கழற்றிவிடுவாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் காய் நறுக்குகிறாள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வயது முப்பதைத் தொடவில்லை, நடையில் அறுபது. மிக்ஸியைத் தொடமாட்டாள். கிரைண்டர் சுவிட்சை இன்னொருத்திதான் போட வேண்டும். "என் கை பட்டா ஓடுறது நின்னுரும்" என்பாள், சிரிக்காமல். விடைபெறும் பெண்களுக்குக் குங்குமச் சிமிழை நீட்டுவாள். தன் விரலால் வைத்துவிட மாட்டாள்.

'சிட்டு' என்ற அந்தப் பெட்டி, ஒரகடத்தில் இவள் வேலை பார்த்த கம்பெனியில் முதன்முதலாக லைனைவிட்டு இறங்கியது ஆயுத பூஜையன்று. முதல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் இவள். அள்ளி வைத்தாள், அத்தனை சந்தோஷம். ஊரெல்லாம் சுவரொட்டி, இரவு பகலாய் ஓ.டி. மொத்தமாக வாங்க வந்தவர்களிடம், ராசியான பெட்டி என்று அதையே நீட்டினார்கள். பொத்தானுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. குருவி குதித்தது, நிற்கவேயில்லை. ஆர்டர் வரவில்லை. அடுத்த ஆடிக்குள் கம்பெனிக்குப் பூட்டு. அந்த முதல் பெட்டி இவளோடு வந்துவிட்டது. பையும் கையுமாய் பஸ் ஏறிய பெண்களின் முகங்களை இவள் இன்னும் இறக்கிவைக்கவில்லை.

இந்த மாதத்தோடு விடுதியையும் மூடுகிறார்கள். ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அப்போதுதான் பழைய லைன் லீடர் மரகதம் வந்தாள், வாலாஜாபாத்திலிருந்து.

"இன்னாடி, மூட்ட கட்டிட்டியா? எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க. கார் லைட்டு. திங்கக்கெழம வந்துரு."

"வேண்டாங்க்கா. ஒரு கம்பெனிய முழுங்குனது போதும்."

"இன்னாத்த முழுங்குன?"

வேல்விழி பெட்டியைக் காட்டினாள். "நான் வச்ச பொட்டு."

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமா, இவ பெரிய காளி! வாங்க வந்தவங்களுக்கு அன்னிக்கு டீ குடுத்தது நாந்தான்டி. ஒடனே வேற பொட்டி குடுத்தோம், நல்லாத்தான் ஆடுச்சி. கீழ வெச்சிட்டு அவனவன் செல்லுல கேம் ஆடிகினு இருந்தான். 'கையில போன் கீது, இந்த டப்பா எதுக்கு?'ன்னான் ஒருத்தன். அதான் கத. உன் பொட்டா மூடுச்சி?"

"ஏங்க்கா இத்தன நாள் சொல்லல?"

"நீ இத சொமந்துகினு கீறன்னு எனக்கு இன்னா தெரியும்?"

கிளம்பும்போது, வழக்கம்போல் சிமிழ் நீண்டது. மரகதம் கையை நீட்டவில்லை. கண்ணை மூடி, நெற்றியை நீட்டி, வாசலிலேயே நின்றாள். "ஷிப்ட் பஸ் பூடும். சீக்கிரம்."

வேல்விழியின் விரல் குங்குமத்தில் இறங்கியது. பொட்டு வைத்தாள். மூக்கில் சிந்திய துகளை, ஒன்றுகூட மிச்சமில்லாமல், துப்பட்டா நுனியால் ஒற்றியெடுத்தாள்.

மரகதம் படியிறங்கினாள். கதவைச் சாத்தினாள் வேல்விழி.