மேஸ்திரி டீம் தோற்ற மழைக்காலம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுவதுபோல இது இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவதோடு நின்றவள் நான். என் வரி ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். மறதி வேறு. மருந்து குடித்தேனா இல்லையா என்று பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். முன்னுக்குப் பின் ஏதாவது வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலையில் கீழ் வீட்டு மா சீ எண்ணெயில் மஞ்சள் காய்ச்சினாள். மழைக்காலம், தெருவெல்லாம் தண்ணீர், யாருக்குத்தான் சேற்றுப்புண் இல்லை? "அமே, வாசனை மேலே வருதா? உங்க காலுக்கும் கொஞ்சம் கொண்டுவரவா?" என்று பர்மியில் கேட்டாள். அமே என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. வேண்டாம் என்று சன்னலைச் சாத்திவிட்டேன். பாவம், அவள் என்ன நினைத்தாளோ. மஞ்சள் எண்ணெயில் வேகிற வாசனை எனக்கு ஆகாது. என் அண்ணன் காலுக்கு அதைத்தான் தடவினோம்.

அண்ணன் பெயர் முனியாண்டி. பந்து விளையாடுவதற்கென்றே சம்பளம் வாங்கினவன். அந்தக் காலத்திலா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தோ ஆறோ இருக்கும். இங்கே பர்மாவில் பசுந்தாங் ஓடை ஓரம் முழுக்க அரிசி மில்கள். எங்கள் மில்லுக்கு ஊரிலிருந்து ஆள் கூட்டிவருகிற மேஸ்திரிக்குப் பந்துப் பைத்தியம். மூட்டை தூக்கக் கப்பலேற்றி வந்தவர்களில் ஓடத் தெரிந்தவர்களைப் பொறுக்கி ஒரு டீம் வைத்திருந்தார். பத்துப் பேர் தமிழர்கள். கோலில் நிற்க மட்டும் கோ லா என்ற பர்மாக்காரர். பெயருக்கு மில் கூலி. மழைக்காலம் முடிகிறவரை அவர்கள் மூட்டையைத் தொட வேண்டாம். பாலும் ஆளுக்கு இரண்டு முட்டையும் உண்டு. அண்ணன் முட்டை உரிக்கும்போது ஓட்டில் ஒட்டின வெள்ளைக்காக நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

எங்கள் அப்பா மூட்டை தூக்கித்தான் போனார். தவிட்டுத் தூசி நெஞ்சில் அடைத்து, இருமி இருமி. அண்ணனையும் அந்த இருமல் தொட்டுவிட்டது. அதனால் மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தையை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இந்தவாட்டி கப்பு மட்டும் வரட்டும் தாயி, ஒம் மகனுக்கு மில் கேட்டுல காவல் வேல. சாகுறமுட்டும் மூட்ட கெடையாது." தோற்றால்? மறுநாளே மூட்டைதான். எங்கள் வீட்டில் பந்து என்றால் இதுதான் அர்த்தம்.

ஆனியில் முதல் ஆட்டமே தோல்வி. மேஸ்திரி முட்டையை ஒன்றாகக் குறைத்தார். அதற்கப்புறம் தோற்கவே இல்லை. பூட்ஸ் போட்ட டீம்களையெல்லாம் நம் ஆட்கள் வெறுங்காலில் ஓடி ஜெயித்தார்கள். பார்க்க வந்தவர்கள், "ஏய் மூட்டதூக்கி, ஓடுடா, பின்னாடி மேஸ்திரி வர்றான்!" என்று கத்துவார்களாம். அண்ணன் திரும்பி, "மூட்டையவிடப் பந்து லேசுய்யா, நீ வேணா தூக்கிப் பாரு!" என்பானாம். எல்லாம் கேள்விதான், நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பெண்பிள்ளையை யார் மைதானத்துக்குக் கூட்டிப்போவது? சாயந்தரம் தப்பு மேளச் சத்தம் நாங்கள் இருந்த கூலி லயனுக்குள் வந்தால் ஜெயித்தாயிற்று என்று தெரிந்துகொள்வேன். அண்ணன் ஒரு பம்பளிமாஸ் பழத்தை உருட்டி, இடது காலால் இப்படி வெட்டினேன், அப்படிக் கடத்தினேன் என்று வீட்டுக்குள்ளேயே ஆடிக் காட்டுவான். சட்டிபானை உடைகிறவரைக்கும் அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

ஆடியில் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே பட்டாளத்து டீம். அப்போதுதான் மேஸ்திரிக்கு அந்த யோசனை வந்தது. ஜெயித்தால் தீ மிதிக்கிறோம் என்று வேண்டிக்கொள்வதுதான் வழக்கம். இவர், "கப்பு வந்தப்புறம் மிதிச்சா அது யாவாரம். முன்னாடியே மிதிங்கடா, கோயில் ஆத்தா எப்படித் தராமப் போறாள்னு பாப்போம்" என்றார். ஞாயிறு ஆட்டம், வெள்ளி தீமிதி. கோ லா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டார். மற்ற பத்துப் பேரும் காப்புக் கட்டினார்கள். முட்டை நின்றது. பகலெல்லாம் பட்டினி, சாயந்தரம் சேற்றில் ஓட்டம். இரண்டு மாதமாகத் தண்ணீரில் ஊறிய கால்கள். அண்ணன் காலடித் தோல் வெளுத்துப்போய், ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. அதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தீயில் இறங்குகிறவன் காலைக் கூடப்பிறந்தவள் மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அது எங்கள் லயன் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் நான் பெரியவளானேன். பன்னிரண்டு வயது. சொன்னால் வீட்டுக்குத் தீட்டு, அண்ணன் கோயில் வாசல் மிதிக்க முடியாது, பத்துப் பேரில் ஒருவன் குறைவான். மேஸ்திரி விடுவாரா? கேட் வேலை போகும், இருமல் முற்றும், அப்பா மாதிரி... இவ்வளவையும் யோசித்தேன். யோசித்து, பழந்துணியைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டேன். தகரக் கொட்டகைக்கு அடியில் தணல் செக்கச்செவேல் என்று கிடந்தது. அண்ணன் காலைக் கழுவினேன். "என்ன தங்கச்சி, தணலையே பாக்குற? நீயா எறங்கப்போற?" என்று சிரித்தான்.

தீ மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிக் காட்டினான். இடது காலடி முழுக்கக் கொப்புளம். "வெளிய சொல்லாதம்மா" என்றான். கால் வெந்தவன் சுத்தமில்லாதவன் என்றுதானே சொல்வார்கள்? இரண்டு நாள் மஞ்சள் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை துணி சுற்றிக்கொண்டு ஆடப் போனான்.

அவன் போன பிறகு என் துணி அம்மா கண்ணில் பட்டுவிட்டது. அடித்தாள். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதாள். அப்புறம் லயனுக்குப் பின்னால் ஓலை மறைப்பில் உட்கார்த்திவைத்தாள். உட்கார்த்திவைத்த பிறகு ஒளிக்க முடியுமா? சாயந்தரத்துக்குள் லயன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று தப்புச் சத்தம் வரவில்லை. ஆட்டத்தில் அண்ணன் காலைப் பார்த்துவிட்டிருந்த மேஸ்திரியின் குரல்தான் ஓலைக்கு வெளியே கேட்டது. "இப்பத்தானே தெரியுது! தீட்டுக் கையால கழுவிவிட்டா வேகாம என்ன செய்யும்? பத்துப் பேரு விரதத்த ஒரு சிறுக்கி தின்னுட்டா!" அவருக்கு எவ்வளவு நிம்மதி என்று இப்போது புரிகிறது. தீயில் இறங்கச் சொன்னது யார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் திட்டவில்லை. ஓலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றான். அவ்வளவுதான். கால் சீழ் பிடித்தது. மூட்டைக்கும் ஆகாதவன் என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. டீமும் அடுத்த மழைக்கு இல்லை. "கப்பைத் தின்னவள்" என்ற பெயர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அந்தப் பெயரோடுதான் என்னை ஒருத்தருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அவரும் கோபம் வந்தால் அதைச் சொல்லத் தவறியதில்லை.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து பல வருஷம் கழித்து, லான்மடாவ் கடைத்தெருவில் கோ லாவைப் பார்த்தேன். கிழவராகிவிட்டார். உடைந்த தமிழில் சொன்னார்: "ஒங்க அண்ணன் மட்டும் இல்ல தங்கச்சி. அன்னிக்கு எல்லாரும் முள்ளு மேல ஓடுற மாதிரி ஓடினாங்க. நான் கோல்லேருந்து பாத்தேன்." எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்காமலே வந்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் நான். அடுத்த முறை கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த முறை அவர் இல்லை.

இப்போது மில் இல்லை, குண்டில் போயிற்று. லயன் இருந்த இடத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள். மேஸ்திரி இல்லை. அந்தப் பெயர் சொல்லி என்னைத் திட்டவும் ஆள் இல்லை. நான் எழுதினதில் வருஷம் தப்பாக இருக்கலாம், முதலில் தோற்றது ஆனியா வைகாசியா என்பதும் தப்பாக இருக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். அண்ணனோடு தீயில் இறங்கிய, நான் கால் கழுவிவிடாத அந்த ஒன்பது பேரின் பிள்ளைகளோ பேரன்களோ எங்காவது இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் காலடியில் தீப்பட்ட தழும்பு இருந்ததா? ஒருத்தருக்கு இருந்திருந்தாலும் போதும்.