மண்வெட்டி ஏந்திய வேடியப்பன்

எங்கள் ஊர் வேடியப்பன் ஓர் இத்தாலிக்காரர் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் என் மேல்தான். முப்பது வருஷம் பென்னாகரத்தில் வரலாறு நடத்தியவள் நான். என் மகனுக்கு முதல் மொட்டை அந்தக் கல்லுக்கு முன்னால்தான் அடித்தேன். ஒரு நாளாவது உற்றுப் பார்த்தேனா?

எங்கள் பக்கத்தில் நடுகல் எங்கே நின்றாலும் அது வேடியப்பன்தான். மஞ்சள் பூசி, கிடா வெட்டிக் கும்பிட்டுவிடுவோம். இந்தக் கல்லில் இருப்பவர் கையில் ஏதோ ஆயுதம் என்று நினைத்திருந்தோம். அது மண்வெட்டியாம்!

சொன்னது எண்பதைத் தாண்டிய ஓர் இத்தாலிய அம்மா. போன தை மாதம், கல்லின் பழைய புகைப்படத்தோடு வந்து இறங்கினார். இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களைக் கொஞ்ச காலம் எங்கள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு வைத்து, ரோடு வேலை வாங்கினார்களாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத முகாம். அங்கே காய்ச்சலில் செத்துப்போன ஒருவருக்குக் கூட்டாளிகள் செதுக்கி நட்ட கல் இது. செத்தவர் இந்த அம்மாவின் அப்பா. அவர் முகத்தை இவர் பார்த்ததே இல்லை.

போன் மொழிபெயர்க்க, நானும் அவரும் பேசிக்கொண்டோம். கல்லைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க வந்திருந்தார். "அவர் காட்டில் தனியாகக் கிடக்கிறாரே என்று சாகும்வரை அம்மா அழுதார்" என்றார்.

பூசாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டீச்சர், பெத்த மகளுக்கு இல்லைன்னு சொல்ல நான் யாருங்க? ஆனா சாமிய அனுப்பிட்டு நாங்க யாருகிட்டப் போயி நிப்போம்?"

அதை அந்த அம்மாவுக்குப் போனில் மொழிபெயர்க்கப் போனேன். அதற்குள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வந்துவிட்டது. பொங்கல் வைத்தார்கள். கைக்குழந்தையைக் கல்லடியில் கிடத்தினார்கள். புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஒருத்தி, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று சாமியோடு சண்டையே போட்டாள்!

"தினமும் ஆள் வருவார்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்கப்பா காலத்துலருந்து வெளக்கு ஒரு நாள் தவறுனதில்லைங்க" என்றார் பூசாரி.

அதைப் போனில் படித்ததும் அந்த அம்மா சிரித்தார், அழுதார், திரும்பவும் சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிறகு பையிலிருந்து தன் அம்மாவின் படத்தை எடுத்துக் கல்லை ஒட்டி வைத்தார். "கல் இங்கேயே இருக்கட்டும். இவரும் இருக்கலாமா?" என்றார்.

பூசாரி படத்துக்குக் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்கம்மாவுக்குப் புடிச்ச கலர் எதுன்னு கேளுங்க டீச்சர், சேல எடுக்கணும்."