புருஷோத்தமன் கட்டிய கைப்பிடி

வீராம்பட்டினத்துப் புருஷோத்தமன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக ஊரில் எவனும் சொன்னதில்லை. அந்தப் பெயர்தான் கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது.

படகை விற்ற பிறகு அவரும் மனைவி தனக்கொடியும் டவுனில், கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவருக்குப் பழுது பார்க்கும் வேலை, அவளுக்குத் துப்புரவு. மொட்டைமாடியில் விருந்தாளிகள் உட்கார்ந்து குளிக்க ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. இடுப்பு உயரம். ஏறுவதற்கு ஒரு மரப்படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஈரக்காலோடு படியில் நின்று விளிம்பைத் தேய்ப்பது தனக்கொடியின் பாடு.

"மாடிக்குப் போறப்பல்லாம் எங்க வழுக்கி உழுவேனோன்னு பயமா இருக்குயா" என்று புருஷனிடம் புலம்புவாள்.

ஒருவழியாக விடுதிக்காரர்கள் கைப்பிடி வாங்கினார்கள். எஃகுக் கம்பி, அடியில் அகலமான தகடு. தொட்டியைக் காலி செய்து, ஒரு பக்கம் தூக்கி, தகட்டை அடியில் செருக வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பினால் அந்தக் கனமே கம்பியை அசையாமல் பிடித்துக்கொள்ளும். விடுதி மேலாளர் முகிலன் அதைத்தான் சொன்னான்.

"ரெண்டு நாள் மூடிடலாம்ண்ணே. தண்ணிய எறக்கிட்டுப் பொறுமையா வைங்க."

"இதுக்கு இன்னாத்துக்கு சார் மூடணும்? நான் கட்டிர்றேன்."

கட்டினார். பைபர் படகில் கண்ட இடத்தில் துளை போடக் கூடாது, எதையும் கயிற்றால் கட்டு என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. தொட்டியும் பைபர்தானே? துளை போட்டால் உள்ளே ஓடும் குழாய் போய்விடும், அதுவும் நிஜம்தான். ஆகவே தொட்டியின் வெளிச்சட்டத்தோடு சேர்த்து நைலான் கயிற்றால் கம்பியை இறுக்கினார். தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. உப்புத் தண்ணீரையே தாங்குகிற கயிறு வெந்நீரைத் தாங்காதா என்று முகிலனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

ஆனால் படகில் கட்டினதைக் கட்டினபடி விட்டுவிட்டா கடலுக்குப் போகிறார்கள்? புறப்படுமுன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கி, நைந்ததை மாற்றித்தான் படகைத் தள்ளுவார்கள். இங்கேயும் மனுஷன் காலையில் மாடியேறி முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். முடிச்சு நின்றது. கயிறு உள்ளுக்குள் நைந்துகொண்டிருந்தது. வெயிலும், மருந்து கலந்த வெந்நீரும் அதைத் தின்றன. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம், சறுக்கியது யானையோடு போனால் பரவாயில்லையே.

ஆடி வெள்ளி வந்தது. ஊரில் தேர். வடம் பிடிக்க அவர் லீவு போட்டார். அன்றைக்கு மாடியில் முடிச்சை இழுத்துப் பார்க்க ஆளில்லை.

"ரூமெல்லாம் ரொம்பியிருக்குயா. தொட்டியத் தேச்சிட்டு மத்தியானம் வந்துர்றேன்" என்று தனக்கொடி மட்டும் வேலைக்குப் போனாள்.

கைப்பிடி இல்லாத காலத்தில் பயந்து பயந்து ஏறினவள் அவள். புருஷன் கட்டினது என்ற தைரியத்தில் இப்போது முழு பாரத்தையும் கம்பியில் போட்டாள். கயிறு அறுந்தது. கம்பியோடு சாய்ந்து தரையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. தேர் தெருமுனை திரும்பும்போது புருஷோத்தமனுக்குப் போன் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஊன்றுகோலைப் பிடித்து நாலு எட்டு வைப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. குளியலறைக்குப் போய்வர அவர் ஒரு கைப்பிடி பொருத்தினார். இந்தத் தடவை கயிற்றைத் தொடவே இல்லை. சுவரைத் துளைத்து, போல்ட் முடுக்கி, அவரே தொங்கிக் காட்டினார்.

"இது கட்னது இல்ல கொடி. செவுத்துல போல்ட்டு போட்டுக்கிறேன். பாரு."

"தெரியிதுயா."

"அப்பப் புடி."

அவள் கை பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்றது.

"உம்மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். "கைதான் வர மாட்டேங்குது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாசலுக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இன்றைக்கும் விடிந்ததும் எழுந்து அந்தக் கம்பியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கிறார். அது அசைவதே இல்லை. தனக்கொடி எதிர்ச்சுவரைத் தடவிக்கொண்டே போய்வருகிறாள்.