பாம்புக்காரி கேட்ட சான்றிதழ்

எங்கள் தாலுகா அலுவலகத்தில் பெருக்கித் துடைப்பதும் டீ கொடுப்பதும் என் வேலை. அதனால் பாம்புக்காரி படியேறி வந்த ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். மலையடிவாரக் குடிசையிலிருந்து வருவாள். எந்த வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். மகள் ஐந்தாவது முடித்துவிட்டாள். ஆறாவது படிக்க நகரத்து விடுதிப் பள்ளியில் இடம் வேண்டுமானால், மலைக்குடி என்று சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

குமாஸ்தா எடுத்த எடுப்பில், "உங்க அப்பாவோட சான்றிதழ் கொண்டா" என்றார்.

"அவரு பள்ளிக்கூடமே போனதில்ல சார்."

"அப்ப தாத்தாவோடது?"

படிக்காத குடும்பத்திடம் காகிதம் கேட்டு, காகிதம் இல்லை என்று பிள்ளையின் படிப்பை நிறுத்த ஒரு தனி மூளை வேண்டும்.

அடுத்து அதிகாரியே ஜீப்பில் போய் விசாரித்தார். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"வீட்ல பிளாஸ்டிக் சேர் போட்டிருக்காங்க. பொண்ணு செருப்பும் ரிப்பனுமா நிக்குது. மலைக்குடி மாதிரியே தெரியலையேய்யா!"

இலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து ஆடுவார்கள் என்று நினைத்துப் போயிருப்பார். பெரிய மனிதர் வருகிறாரே என்று அந்தச் சேரை அவள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்தாள். ரிப்பனும் அன்றைக்கென்று கட்டிவிட்டதுதான். மனு தள்ளுபடி ஆனது.

பள்ளியில் சேரக் கடைசி நாள். மதியம் அதிகாரியின் அறையைப் பெருக்கும்போது பீரோவுக்கு அடியில் ஒரு வால் தெரிந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி பூட்ஸோடு மேசைமேல் ஏறிவிட்டார். குமாஸ்தா ஜன்னல் கம்பியில் தொங்கினார்.

"அந்த மலைக்காரியக் கூப்பிடு, ஓடு! அவங்களுக்குத்தான் இது கைவந்த வேலை!"

ஓட வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து அவள் மகளோடு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். சாக்குப் பையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நான் எப்படி சார் பிடிக்கிறது? நான் அந்த ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களே."

"விளையாடுற நேரமாம்மா இது?"

"நெசமான ஆளுங்க வரட்டும் சார். நான் சேர் போட்டு உக்கார்ற ஆளு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தாயே, நீதான் நெசமான ஆளு!" என்றார் குமாஸ்தா. நேற்றுவரை அவள் அவருக்கு 'ஏய்'.

"அதை எழுதிக் குடுங்க."

அதிகாரி மேசைமேல் குந்தியபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முத்திரை பீரோவுக்குள்ள இருக்கும்மா" என்று மேலிருந்தே கைகாட்டினார்.

அவள் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினாள். "அட, சாரை. இதுக்கு விஷமே கெடையாது." வாலைப் பிடித்து இழுத்துச் சாக்கில் போட்டாள். பீரோவைத் திறந்து முத்திரையை எடுத்து நீட்டினாள். அது காகிதத்தில் விழும்வரை சாக்கின் வாயைக் கட்டவில்லை.

அவர்கள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

கோப்பில், 'நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விசாரித்தார் என்று எழுதவில்லை. மேசையில் இருந்த பூட்ஸ் தடத்தைத் துடைத்தவள் நான்.

மலையடிவாரத்தில் இன்னும் பதினொரு பிள்ளைகள் சான்றிதழுக்குக் காத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அத்தனை பாம்பு வராது.